சேலத்திலிருந்து கப்பல் சுற்றுலா: முன்பணம், கேன்சல், கேபின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை என்றாலும் கப்பல் விசாரித்து வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஐந்து ரோடு பக்கம் உள்ள எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். வருகிறவர்கள் விலையில் ஆரம்பிப்பார்கள்; நான் தேதியில் ஆரம்பிப்பேன். மீதிப் பணம் கட்ட வேண்டிய கடைசி நாள் எது, கேன்சல் கட்டணம் எந்தெந்த நாளில் ஏறும்? இது தெரியாமல் முன்பணம் கட்டியவர்கள்தான் பின்னால் வருத்தப்படுகிறார்கள்.

சேலத்திலிருந்து போக எந்தத் துறைமுகம் வசதி?

உள்நாட்டுக் கப்பல் என்றால் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ். 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னைக்கும் வந்தது. சென்னையில் வருடம் முழுக்க இருக்காது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும்போது இந்தப் பக்கம் வரும், பிறகு மும்பைக்குத் திரும்பிவிடும். அதனால் "டிசம்பர் லீவில் சென்னையிலிருந்து" என்று மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள், முதலில் அட்டவணையைப் பாருங்கள்.

பெரிய கப்பல் வேண்டும் என்றால் சிங்கப்பூர். திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது; நம் ஊரிலிருந்து இரண்டுமே மூன்று மணி நேரக் கார் பயணத்துக்குள்தான். இதற்காகச் சென்னையோ பெங்களூரோ போக வேண்டியதில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கியதே, அது பயணிகள் படகுச் சேவை. கேபின், மூன்று வேளைச் சாப்பாடு என்று எதிர்பார்த்து அதை விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

விளம்பரத்தில் போட்ட விலைக்கும் பில்லுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

விளம்பர விலை ஓர் ஆளுக்கு. அதுவும் ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால். அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, ஊழியர்களுக்கான டிப்ஸ் எல்லாம் சேரும். வெளிநாட்டுக் கப்பல்களில் டிப்ஸை ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏற்றிவிடுவார்கள், குழந்தைக்கும் உண்டு. நாலு பேர் நாலு இரவு போனால் பதினாறு பங்கு. வெளிநாட்டுத் தொகுப்பாக ஏஜென்ட் மூலம் வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். அது போன பணமல்ல. பான் எண் சரியாகக் கொடுத்திருந்தால் உங்கள் பெயரில் பதிவாகும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் புக்கிங் அன்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு ஆள் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். கப்பல்காரர்கள் விற்பது கேபினைத்தான்.

முன்பணம் கட்டினால் திரும்பக் கிடைக்குமா?

ஒரே கேபினுக்கு இரண்டு விலை இருக்கும். ஒன்றில் முன்பணம் திரும்பும், இன்னொன்றில் திரும்பாது. திரும்பாத விலை கொஞ்சம் குறைவு, அதைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பல நேரம் சில ஆயிரம்தான். திரும்பாத விலையில் புக் செய்துவிட்டுத் தேதியையோ கப்பலையோ மாற்றினாலும் ஆளுக்கு ஒரு மாற்றுக் கட்டணம் போகும்.

எனக்கு இதில் ஒரு கொள்கை உண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் புக் செய்கிறவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும் விலையையே சொல்வேன். ஆறு மாதத்தில் ஒரு குடும்பத்தில் என்னவெல்லாம் நடக்கும்? பெண் பார்க்க வருவார்கள், முகூர்த்தம் குறித்துவிடுவார்கள், பெரியவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போகும். ஏற்காட்டு எஸ்டேட்காரர்கள் என்றால் டிசம்பர், ஜனவரி தேதியைத் தொடவே வேண்டாம் என்பேன். காப்பிப் பழம் எப்போது பழுக்கும் என்று கப்பல் கம்பெனி கேட்காது. பறிப்பு நேரத்தில் ஆள் கிடைத்தால் முதலாளியால் தோட்டத்தை விட்டு நகர முடியாது.

மீதிப் பணத்தை எப்போது கட்ட வேண்டும்?

வெளிநாட்டுக் கம்பெனிகளில் நாலு இரவு வரையான பயணத்துக்குக் கிளம்பும் நாளிலிருந்து சுமார் 75 நாள் முன்பு, அதைவிட நீளமான பயணத்துக்குச் சுமார் 90 நாள் முன்பு என்பது பரவலாக உள்ள வழக்கம். மே 10 கப்பல் என்றால் பிப்ரவரி 24 வாக்கில் முழுப் பணமும் போயிருக்க வேண்டும். அந்த நாளில் பிள்ளைகளின் பரீட்சையே முடிந்திருக்காது, அலுவலகத்தில் லீவும் கையெழுத்தாகியிருக்காது. கோடை லீவுக்குப் போகிறவர்கள் முழிப்பது இங்கேதான்.

ஏஜென்ட் மூலம் புக் செய்தால் அவர் சொல்லும் கடைசி நாள் கம்பெனியின் நாளுக்குச் சில நாட்கள் முன்னதாக இருக்கும். பணம் போய்ச் சேர நேரம் வேண்டும் என்பதால் அது நியாயம்தான். ஆனால் எந்தத் தேதி யாருடையது என்று தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாளைத் தவறவிட்டால் நினைவூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், புக்கிங்கே ரத்தாகிவிடலாம்.

கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள்?

குறுகிய பயணத்துக்குப் பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் வழக்கமாகக் காணும் கணக்கு இது: மீதிப் பணத் தேதிக்கு முன்னால் என்றால் முன்பணத்தோடு போகும், அல்லது அதுவும் திரும்பும். அதன்பின் கிளம்ப 61 நாள் இருக்கும் வரை பாதிக் கட்டணம். 60 முதல் 31 நாள் வரை முக்கால் பங்கு. 30 நாளும் அதற்குள்ளும் முழுக் கட்டணமும் போச்சு. கம்பெனிக்குக் கம்பெனி, கப்பலுக்குக் கப்பல் இது மாறும். இந்தியக் கப்பலின் விதி வேறு, பண்டிகைத் தேதிகளுக்கு இன்னும் கடுமையாகவும் இருக்கும். ஆகவே உங்கள் புக்கிங் தாளில் அச்சான அட்டவணைதான் செல்லும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: முழுக் கட்டணமும் போன பிறகும் துறைமுகக் கட்டணமும் அரசு வரியும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். நீங்கள் ஏறாத கப்பலுக்காகத் துறைமுகத்துக்கு யாரும் கட்டணம் கட்டப் போவதில்லை. சில ஏஜென்ட்டுகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. கேளுங்கள்.

இன்னொன்று, போனில் "வரலீங்க, கேன்சல் பண்ணிடுங்க" என்றால் போதாது. மின்னஞ்சல் அனுப்புங்கள், கேன்சல் எண் வாங்குங்கள். 31ஆம் நாளுக்கும் 30ஆம் நாளுக்கும் நடுவில் கால் பங்குப் பணம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் மாட்டினால் அலுவலகம் திறந்திருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாலு பேரில் ஒருவர் மட்டும் வரவில்லை என்றால்?

அவர் கேபினில் மூன்றாவது, நான்காவது ஆள் என்றால் பிரச்சினை சிறியது. அவர் பங்குக்கு உரிய பிடித்தம் மட்டும். இரண்டு பேர் கேபினில் ஒருவர் விலகினால் மீதி இருப்பவர் தனி ஆள் கணக்கில் வந்துவிடுவார், இரண்டு ஆள் கட்டணம் கேட்பார்கள். முதலில் பெயர் மாற்றம் கேட்டுப் பாருங்கள். முதலில் புக் செய்தவர்களில் ஒருவராவது அதே கேபினில் இருந்தால் இன்னொருவர் பெயரை மாற்றப் பல கம்பெனிகள் விடும், அதற்கும் ஒரு கெடு உண்டு. மச்சினர் வரவில்லையா, சித்தி பையனிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா பாருங்கள்.

வீட்டில் துக்கம், ஆஸ்பத்திரி என்றால் கம்பெனி இரக்கம் காட்டாதா?

காட்டலாம், நம்ப முடியாது. அதற்குத்தான் பயணக் காப்பீடு. கிளம்பும் வாரத்தில் விமான டிக்கெட்டோடு சேர்த்து வாங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கப்பலுக்கு அது தாமதம், கேன்சல் கட்டணம் அதற்கு முன்பே ஏறிவிடும். முன்பணம் கட்டிய கையோடு வாங்குங்கள். பாலிசியில் "பயண ரத்து" என்ற பிரிவு இருக்கிறதா, எவ்வளவு தொகை வரை என்று பாருங்கள். வெறும் மருத்துவச் செலவு மட்டும் உள்ள பாலிசி இங்கே உதவாது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோயை மறைத்தால் கிளெய்ம் நிற்காது. மனம் மாறினால், லீவு கிடைக்காவிட்டால், விசா மறுத்தால் பெரும்பாலான பாலிசிகள் தராது.

விசா வந்த பிறகு முழுப் பணம் கட்டலாமா?

நல்ல யோசனைதான், ஆனால் நடக்காது. சிங்கப்பூர் விசாவுக்கு வழக்கமாகப் பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். மீதிப் பணம் அதற்கு ஒன்றரை மாதம் முன்பே போய்விடும். முன்பு விசா மறுக்கப்பட்டவர்கள் இதை யோசித்து முடிவெடுக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய் மறுபடி சிங்கப்பூரில் இறங்கினால் அந்நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கிறது. புக்கிங்கில் என்ன போடுவது?

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இது. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே நீளமாக, குடும்பப் பெயர் கட்டம் காலி. கப்பல் கம்பெனியின் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. அவசரத்தில் இனிஷியலைத் தட்டிவிடுவார்கள். விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, கப்பலில் ஒரு மாதிரி, விசாவில் இன்னொரு மாதிரி என்று மூன்று பெயர் ஆகிவிடும்.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். அதில் உள்ளபடிதான் எல்லா இடத்திலும் போக வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு எப்படிப் போடுவது என்று கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டு, அவர்கள் சொன்ன மாதிரியே போட்டு, அந்தப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் ஏறுகிற கப்பல் என்றால் இன்னும் கவனம். ஒற்றைச் சொல் பெயருள்ள பாஸ்போர்ட்டுகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டையே திருத்துவதாக இருந்தால் சேலத்திலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. முன்பணத்துக்கு முன்னால் அந்த வேலையை முடியுங்கள்.

எந்த கேபின் எடுப்பது?

உள் கேபினில் ஜன்னல் இருக்காது. விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. அதற்கடுத்து திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் உள்ள கடல் பார்த்த கேபின், அப்புறம் பால்கனி, கடைசியில் சூட் என்கிற பெரிய அறை. இரண்டு இரவு, மூன்று இரவுப் பயணத்துக்கு உள் கேபினே போதும் என்பது என் கருத்து. தூங்கவும் குளிக்கவும்தான் அறைக்கு வருவீர்கள். பெரியவர்கள் கூட்டத்தில் உட்கார முடியாமல் அறையிலேயே இருப்பார்கள் என்றால் பால்கனிக்குச் செலவழிக்கலாம். எம்ப்ரஸ் 1990இல் கட்டிய கப்பல், அதில் பால்கனிகள் குறைவு, அறைகளும் சின்னவை. இன்றைய பெரிய கப்பல்களின் படங்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி எதிர்பார்க்கக் கூடாது.

வகையை விட இடம் முக்கியம். டெக் பிளான் என்று மாடிவாரியாக வரைபடம் தருவார்கள். உங்கள் அறை உள்ள மாடியை மட்டும் பார்க்காதீர்கள், மேல் மாடியையும் கீழ் மாடியையும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். மேலே நீச்சல் குளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே தியேட்டரோ டிஸ்கோவோ இருந்தால் நள்ளிரவு தாண்டியும் தரை அதிரும். மேலும் கீழும் கேபின்களே இருக்கிற மாடி நல்லது. வரைபடத்தில் ஒன்றும் எழுதாத வெள்ளைக் கட்டம் பக்கத்தில் இருந்தால் அது பெரும்பாலும் ஊழியர்களின் வேலை இடம், தள்ளுவண்டிச் சத்தம் வரலாம். இரண்டு அறைகளுக்கு நடுவே சின்னக் குறி இருந்தால் உள்கதவு உண்டு என்று அர்த்தம்: இரண்டு கேபின் எடுக்கும் குடும்பத்துக்கு வரம், மற்றவர்களுக்கு அடுத்த அறைப் பேச்சு முழுக்கக் காதில் விழும். கடல் பார்த்த கேபின் மலிவாக வந்தால் "மறைக்கப்பட்ட காட்சி" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா பாருங்கள்; ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கிக்கொண்டிருக்கும்.

நாலு பேர் கேபினில் மூன்றாவது, நான்காவது படுக்கை பெரும்பாலும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல் பர்த். ஏணியில் ஏற வேண்டும். எழுபது வயது மாமியாரை அதில் ஏற்ற முடியாது, கீழே உள்ள இரட்டைக் கட்டிலில் யார் யார் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள், நேர் எதிரில் வேண்டாம். ஐந்து பேர் ஒரே அறையில் என்பது பெரும்பாலும் நடக்காது. "குழந்தைதானே, நடுவில் போட்டுக்கொள்கிறோம்" என்பார்கள். உயிர்காப்புப் படகில் இடக் கணக்கு இருப்பதால் கைக்குழந்தையும் அங்கே ஓர் ஆள்.

"கேரண்டி கேபின்" மலிவாக இருக்கிறதே, எடுக்கலாமா?

வகை மட்டும் உறுதி. அறை எண்ணைக் கம்பெனி பின்னால் ஒதுக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் மேல் வகை கிடைக்கும். தியேட்டருக்கு மேலே கிடைத்தாலும் மாற்றித் தர மாட்டார்கள். இளைஞர்கள் எடுக்கலாம். இரண்டு கேபினில் போகிற குடும்பம் எடுக்கக் கூடாது, ஒன்று ஆறாவது மாடியிலும் இன்னொன்று ஒன்பதாவதிலும் வந்து நிற்கும்.

ஏற்காடு பஸ்ஸிலேயே எனக்கு வாந்தி வரும். கப்பல் ஒத்துக்கொள்ளுமா?

மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவும் வண்டியைச் சட்டென்று திருப்பும். பெரிய கப்பலின் ஆட்டம் மெதுவானது, பலருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் உங்கள் மாதிரி ஆட்கள் கப்பலின் நடுப்பகுதியில் கீழ் மாடியில் கேபின் எடுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. முன் முனையும் மேல் மாடியும் வேண்டாம். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

புக் செய்த பிறகு விலை குறைந்தால்?

மீதிப் பணம் கட்டும் தேதிக்கு முன்னால் என்றால் புதிய விலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம், திரும்பக் கிடைக்கும் விலையில் எடுத்தவர்களுக்கு இது சுலபம். அதற்குப் பிறகு கம்பெனி மனம் வைத்தால் உண்டு.

புயலால் துறைமுகத்தை விட்டுவிட்டால் பணம் தருவார்களா?

கம்பெனியே பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்பும், அல்லது அடுத்த பயணத்துக்கு வரவு வைப்பார்கள். எது வேண்டும் என்று நீங்கள் எழுத்தில் சொல்லுங்கள். கப்பல் ஓடி, ஓர் ஊரை மட்டும் விட்டுவிட்டால் அந்த ஊரின் துறைமுகக் கட்டணம் மட்டுமே கிடைக்கும். வழியை மாற்றும் உரிமை ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் எழும் காலம் என்பது நமக்கே தெரியும்.

கப்பல் கிளம்பும் நாளன்றே சேலத்திலிருந்து கிளம்பலாமா?

சென்னைக்கு முந்தின இரவு ரயிலில் ஏறி விடியற்காலை இறங்கினால் சரியாக இருக்கும். காலையில் கிளம்பும் ரயிலையோ காரையோ நம்ப வேண்டாம். கப்பலில் ஏறும் கவுன்டர் கிளம்பும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மூடலாம். தவறவிட்டால் அது முழுக் கேன்சல் கணக்கு. சிங்கப்பூருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்குங்கள்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள்?

பயணம் முடியும் நாளில் 24 வாரம் தொட்டுவிட்டால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றாது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது.

தட்டுவடை, முறுக்கு, மாம்பழம் எடுத்துப் போகலாமா?

சீல் வைத்த பாக்கெட் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். தட்டுவடை செட்டைக் காரச் சட்னியோடு கட்டிக்கொண்டு போனால் நுழைவாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டுச் சமையல், பழம் இரண்டும் அப்படித்தான். மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் தடை. சைவம், பூண்டு வெங்காயம் இல்லாத சாப்பாடு வேண்டும் என்றால் புக்கிங்கிலேயே எழுத வேண்டும், ஏறிய பிறகு சொன்னால் பாதிதான் நடக்கும்.

ரீஃபண்ட் வரவில்லை. யாரிடம் போவது?

எந்தக் கார்டிலிருந்து போனதோ அதே கார்டுக்குத்தான் வரும். ஏஜென்ட் மூலம் என்றால் கம்பெனி அவருக்குத் தந்து, அவர் உங்களுக்குத் தருவார். நடுவில் சில வாரம் ஆகும். ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்தால் அதைக் கேட்க முடியாது.

ஒருவர் எங்களிடம் வேறொரு ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். "கவலைப்படாதீங்க சார், ஃபுல் ரீஃபண்ட்" என்று இருந்தது. பணம் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் போயிருந்தது. கம்பெனியின் புக்கிங் எண்ணே அவர் கையில் இல்லை. அந்த எண் இல்லாவிட்டால் கப்பல் கம்பெனிக்கு உங்களை யாரென்றே தெரியாது. பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பி, ஜிஎஸ்டி பில் வாங்கி, கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு அன்றைக்கே சரிபாருங்கள்.

முதலில் மின்னஞ்சலில் கெடு வைத்துக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் சேலத்தில் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனுவோடு புக்கிங் தாள், பில், கேன்சல் மின்னஞ்சல், வங்கிக் கணக்கு விவரம் நாலையும் இணையுங்கள்.